தலைகீழாய் நின்ற அளவி

கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே, தேயிலை மலையை வெட்டிக் கட்டிய அந்தத் தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருந்தது. அறைக்குக் கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது, பூட்டுக்குத் திறப்பும் இருந்தது. அந்தத் திறப்பு அதிபர் பொன்னுத்துரையின் மேசை லாச்சியை விட்டு வெளியே வருவதுதான் அபூர்வம். உள்ளே இரண்டு அலுமாரி நிறையக் கண்ணாடிச் சாமான்கள். அவற்றைத் துடைத்த பிள்ளைகள் உண்டு, பாவித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பொன்னுத்துரையைக் கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் வந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் இங்கேயே தலை நரைத்தவர். ஆனால் பயந்த மனிதர். பாடசாலைச் சாமான் அத்தனைக்கும் அதிபர்தான் பொறுப்பு. வருடா வருடம் எண்ணிப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஒரு சோதனைக் குழாய் குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். பாவித்தால்தானே உடையும், உடைந்தால்தானே வம்பு என்று அவர் பூட்டை நம்பினார். ஓய்வுபெறும் நாள் நெருங்க நெருங்க அந்த நம்பிக்கை பக்தியாகவே மாறிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் ஐரின் அங்கே விஞ்ஞான ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டமொன்றில் டிஸ்பென்சரி நடத்திய அம்புறோஸின் மகள். சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து, கார்கோவ் நகரத்தில் ரஷ்ய மொழியை முதலில் படித்து, அந்த மொழியிலேயே இரசாயனவியலையும் படித்துப் பட்டம் வாங்கியவள். பனியில் விறைத்த விரலோடு ஆய்வுகூடத்துக்கு ஓடியவள். பட்டத்தோடு ஊர் திரும்பியபோது, அது உள்ளூர்ப் பட்டத்துக்குச் சமமா இல்லையா என்று கல்வி அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தது. அங்கே கடிதம் எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். கடிதம் போய்ச் சேர்வதற்குள் சோவியத் யூனியனே கலைந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் தற்காலிக ஆசிரியை. ஆசிரியர் ஓய்வறையில் "ரஷ்யா டீச்சர்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், உள்ளே எரியும்.

திறப்புக் கேட்டுப் பார்த்தாள். "அதை மட்டும் கேளாதையும் பிள்ளை" என்று பொன்னுத்துரை கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார். சரி போகட்டும் என்று ஜாம் போத்தல்களைச் சேர்த்தாள். செவ்வரத்தம் பூவைக் கசக்கிச் சாறெடுத்து, எலுமிச்சைப் புளியும் சவர்க்காரத் தண்ணீரும் விட்டு நிறம் மாற்றிக் காட்டினாள். "ஒட்சிசன் நிறமற்ற, மணமற்ற வாயு" என்று சொல்லச் சொல்ல எழுதி வந்த பிள்ளைகள் முதன்முதலாக வகுப்பில் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி வாங்கிய ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. பாடசாலை கண்டிராத அதிசயம் அது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அதற்கு அடுத்த படியான உயர்தரத்தில் அங்கே கலைப்பிரிவு மட்டுமே உண்டு. விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் கண்டி நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே கேட்டுப் போன பிள்ளைகளை "இடமில்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கொழுந்தெடுக்கும் மூக்காயியின் மகள் சந்திரிகா அப்படித் திரும்பி வந்தவள். அடுத்த வழி கொழும்பில் ஏதாவது வீட்டு வேலை அல்லது கடை வேலை. ஐரின் விடவில்லை. இங்கேயே விஞ்ஞானப்பிரிவு தொடங்க வேண்டும் என்று அதிபரை அரித்தெடுத்து விண்ணப்பிக்க வைத்தாள். இரசாயனவியலும் பௌதிகவியலும் தன் பொறுப்பு என்றாள். மற்றப் பாடங்களுக்குச் சனிக்கிழமைகளில் வந்து போகும்படி பேராதனைக் கம்பஸில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் பேசி வைத்தாள். வகுப்புக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க, ஒரு வெள்ளிக்கிழமை கல்வி அலுவலக அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

அதிகாரி வருகிறார் என்றால் அந்தப் பாடசாலைக்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. பூட்டுத் திறக்கும். பிள்ளைகள் கண்ணாடிச் சாமான்களைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில் வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொன்றின் முன்னும் அழகான கையெழுத்தில் பெயர்த் துண்டு. அதிகாரி வந்து பார்த்து, தலையாட்டி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். பின்னேரமே எல்லாம் பத்திரமாக உள்ளே போய்விடும்.

அன்று காலை ஐரின் உள்ளே போனாள். மேசை நடுவில், இரும்புத் தாங்கியில், அளவி நின்றது. துளித் துளியாக அளந்து விடுவதற்கென்று கோடு போட்டு, கீழ் முனையில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாய். அது தலைகீழாக நின்றது. திருகு மேலே, திறந்த வாய் கீழே.

"சேர், யாரு இத இப்பிடி வச்சது?"

"எப்பவும் அப்பிடித்தானே வைக்கிறது" என்றார் பொன்னுத்துரை, கழுத்துப் பட்டியைச் சரிசெய்தபடி. "போன முறையும் அப்பிடித்தான். அதுக்கு முதலும் அப்பிடித்தான். நிமிர்ந்து வடிவா நிக்குது. ஏன், என்ன பிழை?"

எத்தனை அதிகாரிகள் இதைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள்! ஐரினுக்குச் சிரிப்பு வந்து, அழுகையாக மாறப் பார்த்தது. இந்தக் குழாய் வந்த நாளிலிருந்து ஒரு துளியாவது இதற்குள் இறங்கியிருந்தால் யாராவது இப்படி வைப்பார்களா? திருப்பி வைக்கக் கையைத் தூக்கினாள். பிறகு இறக்கிவிட்டாள். நிற்கட்டும், வருகிறவர் கண்ணிலும் படட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி ராஜரத்தினம் வந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். தொழிலாளர் லயத்து விளக்கில் கலைப்பிரிவு படித்து மேலே வந்தவர், அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமையும் உண்டு. மேசையைச் சுற்றி நிதானமாக நடந்தார். அளவியின் முன் நின்றார். பெயர்த் துண்டை வாசித்தார்.

"நல்லா பராமரிக்கிறீங்க பிரின்சிபல். ஒரு கீறல் இல்ல."

"ஓம் சேர். ஒண்டும் உடையவிடுறேல்லை" என்று பொன்னுத்துரை குளிர்ந்துபோனார்.

ராஜரத்தினம் ஐரினிடம் திரும்பினார். குரல் இரக்கமாகத்தான் இருந்தது. "டீச்சர், உங்க ஆர்வம் நல்லதுதான். ஆனா சயன்ஸ் வகுப்புக்கு அங்கீகாரம் உள்ள பட்டதாரி வேணும். உங்களுக்குப் பட்டம் குடுத்த நாடே இன்னைக்கு மேப்ல இல்ல. நான் என்னன்னு எழுதுறது? இந்தப் பிள்ளைங்க ஆர்ட்ஸ் படிக்கட்டுமே. நான் படிக்கலியா? நல்லா வரலியா?"

பின் சுவரோரம் சந்திரிகாவும் மற்றப் பிள்ளைகளும் கைகட்டி நின்றிருந்தார்கள். சந்திரிகா மட்டும் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் ஐரினைக் கிளப்பிவிட்டது. இனிப் பொறுத்தால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது.

"சேர், இந்தச் சாமான் தலைகீழா நிக்குது."

"எது?"

"உங்களுக்கு முன்னால நிக்கிற அளவி. ஒரு கீறல் இல்லன்னு சொன்னீங்களே, அதுதான். உங்களுக்கு முந்தி வந்தவங்களும் இதப் பாத்துத்தான் நல்லாருக்குன்னு போயிருக்காங்க."

பொன்னுத்துரையின் முகம் வெளுத்தது. ஐரின் தாங்கியின் பிடியைத் தளர்த்திக் குழாயை எடுத்து நிமிர்த்தினாள். திருகு வறண்டு இறுகிப்போயிருந்தது. கைப்பையில் உதட்டு வெடிப்புக்கு வைத்திருந்த வாசலினை எடுத்துப் பூசி, பொறுமையாகத் திருப்பித் திருப்பி இளக்கினாள். அலுமாரியைத் திறந்தாள். மூடி உடைக்காத போத்தல்களின் மூடியை உடைத்தாள்.

"பிள்ளை, என்ன செய்யிறீர்?" என்று பொன்னுத்துரை முனகினார்.

"பாடம் நடத்துறேன் சேர். சந்திரிகா, இங்க வா."

சந்திரிகா வந்தாள். கரும்பலகையில் படமாக மட்டுமே பார்த்திருந்த பொருளை அன்றுதான் கையால் தொட்டாள். அளவிக்குள் அமிலத்தை நிரப்பினாள். கூம்புக் குடுவையில் காரத்தை ஊற்றி, காரத்தை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் பினோத்தலீன் துளி விட்டாள். குடுவை இளஞ்சிவப்பாக மாறியதும் பின்னால் நின்ற பிள்ளைகள் கட்டிய கையை அவிழ்த்து முன்னால் வந்துவிட்டார்கள். பெண் அதிகாரியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். குடுவையைச் சுழற்றும்போது கை வழுக்கியது. சீமெந்துத் தரையில் அது சில்லுச் சில்லாகச் சிதறியது.

"ஐயோ!" என்றார் பொன்னுத்துரை. தன் நெஞ்சிலேயே விழுந்தது போலக் கையை வைத்துக்கொண்டார். சந்திரிகாவின் கண்ணில் நீர் முட்டியது.

ஐரின் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "தள்ளி நில்லு, கால்ல படும்" என்றாள். மூலை வாளியிலிருந்த மணலைக் கொட்டி, சிதறலைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள். "இப்ப அந்த அலுமாரியிலருந்து இன்னொண்ணு எடு."

இரண்டாவது முறை அவள் கண் குடுவையை விட்டு நகரவில்லை. துளி, துளி, துளி. சிவப்பு வெளிறிக்கொண்டே வந்தது. கடைசித் துளியில், கண்ணை மூடித் திறப்பதற்குள், நிறமே இல்லாமல் தெளிந்தது. சந்திரிகா திருகை மூடிவிட்டுக் கோட்டுக்கு நேரே குனிந்து அளவை வாசித்தாள். சரியாக வாசித்தாள். ஐரினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கார்கோவில் பட்டம் வாங்கிய அன்றுகூட அவள் இப்படி மகிழ்ந்ததில்லை.

"நாடு கலைஞ்சு போச்சுதான் சேர்" என்றாள் ராஜரத்தினத்திடம். "அதுக்காக அங்க படிச்சது என் மண்டையிலருந்து கலைஞ்சு போகல. உங்க கண்ணாலயே பாத்தீங்க."

ராஜரத்தினம் குனிந்து அளவியின் கோட்டைத் தானும் ஒருமுறை பார்த்தார். மனதில் ஏதோ பட்டிருக்க வேண்டும். ஆனால் பதவியில் இருப்பவருக்கு மனதைவிட விதிப்புத்தகம் கிட்ட இருக்கும். "பாத்தேன் டீச்சர். இல்லங்கல. ஆனா எழுத எனக்கு அதிகாரம் இல்ல. வகுப்புக்கு அனுமதி கிடையாது. அவ்வளவுதான்."

"அப்ப அனுமதி இல்லாமலே திங்கக்கிழமை தொடங்குறேன்."

"என்ன பேசுறீங்க? பரீட்சைக்கு எப்பிடி அனுப்புவீங்க?"

"பிரைவேட்டா எழுதுவாங்க. அதுக்கு யாரோட அங்கீகாரமும் வேணாம் சேர்."

"உங்க மேல நடவடிக்கை வரும். தூக்கி வேற எங்கயாச்சும் போட்டுருவாங்க."

ஐரின் சிரித்தேவிட்டாள். "எங்க சேர் போடுவீங்க? டவுன்ல தப்பு பண்ணின வாத்தியார்மாரத் தண்டனைன்னு அனுப்புற இடமே இதுதானே! இதுக்கு மேல போனா மலை உச்சிதான் இருக்கு. அங்க பிள்ளைங்க இருந்தா அங்கயும் படிச்சுக் குடுப்பேன்."

அதிகாரி தேத்தண்ணீர் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார். பொன்னுத்துரை வாசல் வரை ஓடிப் போய், என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்தார். பிறகு ஆய்வுகூடத்தைப் பூட்டி, திறப்பை லாச்சிக்குள் போட்டார்.

சனியும் ஞாயிறும் ஐரினுக்கு நல்ல தூக்கம் இல்லை. வாயால் சொல்வது சுலபம், வேலை போனால் அம்புறோஸின் சொற்பப் பென்ஷனில் எல்லாரும் சாப்பிட வேண்டும். அதைவிட, தன்னை நம்பித் தாய்மார் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கொழும்புக்குக் கூட்டிப் போக வந்த தரகனை மூக்காயி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாளாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வாங்கலாமா என்று ஒரு தடவையும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை மழை. பிள்ளைகள் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால், விறாந்தையிலேயே வகுப்பைத் தொடங்கிவிடுவது என்று ஐரின் கரும்பலகையை இழுத்துப் போனாள். போனால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. மேசையில் வெள்ளைத் துணி இல்லை, பெயர்த் துண்டு ஒன்றும் இல்லை. வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு, பொன்னுத்துரை உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்காத முகம்.

"சேர், உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு. நீங்க இதுல மாட்டிக்காதீங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்க" என்றாள் ஐரின்.

"எனக்குத் தெரியாதெண்டு சொல்லியே இவ்வளவு காலம் போயிட்டுது பிள்ளை" என்றார் அவர். பிள்ளைகள் போக வழிவிட்டுக் கதிரையைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டார். "ஆரும் வந்து கேட்டால், அதிபர்தான் நடத்தச் சொன்னவர் எண்டு சொல்லும். நான் இதிலைதான் இருப்பன். நீர் உள்ளுக்குப் போய்ப் படிப்பியும்."