பெட்டி எடுக்கும் நேரம்

முரசுமோட்டைப் பொதுநோக்கு மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டுச் சுற்றின, காற்றுத்தான் வரவில்லை. ஊர் ஊராகப் போகும் திரைப்பட விழாவுக்கு இங்கே பொறுப்பு வினோஜா. வவுனியாப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். “தெரிஞ்ச கதையை வீட்டில பாருங்கோ, மற்றவையின்ர வாழ்க்கையை இங்கை வந்து பாருங்கோ” என்று ஒலிபெருக்கியில் ஊரையே கூப்பிட்டவள். சனமும் வந்துவிட்டது. இப்போது அவளுக்குத்தான் பயம்.

அன்றைய படம் அப்படி. சிங்களப் படம், கீழே தமிழில் எழுத்து ஓடும். ஆமியில் சிப்பாயாகப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கதை. புளியங்குளத்தில் இதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். வன்னிச் சனம் இதைப் பார்க்கும் என்று விழாக்குழுவோடு மல்லுக்கு நின்றவள் வினோஜா. இங்கேயும் பிசகினால் இந்தப் பக்கம் இனி இப்படி ஒரு படம் வராது.

மண்டபத் தலைவர் பரமலிங்கத்தாரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தாள்.

“ஒரு ஆள் எழும்பினாலும் நிப்பாட்டிப் போடவேணும் பிள்ளை. இந்தச் சனம் பட்டது காணும், இனியும் வேண்டாம்.”

“ஓம் ஐயா, நிப்பாட்டுவன்.”

படம் தொடங்கியது. வினோஜா திரையைப் பார்க்கவேயில்லை, தலைகளைத்தான் பார்த்தாள். முன்வரிசையில் ஜெகதீஸ்வரி இருந்தார். ஆமியோடு நடந்த கடைசிச் சண்டைக்குள் மகனைத் தொலைத்தவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இந்த மனுசி வராமல் விட்டிருக்கலாமே என்று வினோஜாவுக்குப் பட்டது.

முதல் சீருடை தெரிந்ததும் மண்டபம் இறுகியது. யாரோ செருமினார்கள். பிறகு திரையில் அந்தத் தாய், மகன் வாங்கி அனுப்பிய சேலையை அயலட்டைக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தாள். “எங்கட விமலேஸ்வரி மாதிரியே கிடக்கு” என்று பின்னால் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். வினோஜாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வந்த மூச்சு நிலைக்கவில்லை. திரையில் அந்த வீட்டுக்கு மகனின் சவப்பெட்டி சீல் வைத்து வந்தது. திறக்க விடவில்லை. தாய் பெட்டியைத் தட்டித் தட்டி மகனைக் கூப்பிட்டாள். நான்கு பேர் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

ஜெகதீஸ்வரி எழும்பினார். பக்கத்தில் இருந்தவரும் எழும்பினார். பிறகு கதிரைகள் கரகரவென்று இழுபட, மண்டபமே எழும்பியது. திரையில் பாதிக்குமேல் தலைகளின் நிழல்தான்.

எல்லாம் போச்சு என்று நினைத்தாள் வினோஜா. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கொடுத்த வாக்கு. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டாள்.

ஒருவரும் வாசல் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன் பிள்ளை நிப்பாட்டினனி?” என்று கேட்டார் ஜெகதீஸ்வரி.

“நீங்கள் எழும்பிட்டியள் அம்மா... கோவத்தில போகப்போறியளெண்டு...”

“என்ன கதை இது? செத்தவீட்டில பெட்டி தூக்கேக்க ஆரும் கதிரையில இருப்பினமோ?”

வினோஜாவுக்குத் தெரியாத வழக்கமா? எத்தனை செத்தவீட்டில் அவளே அப்படி எழும்பி நின்றிருக்கிறாள். பயம் கண்ணை மறைத்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, பரமலிங்கத்தாரைப் பார்த்தாள். அவரும் தோள் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பித்தான் நின்றார்.

“போடு பிள்ளை,” என்றார் ஜெகதீஸ்வரி. “என்ர பிள்ளைக்கு எழும்பி நிக்க எனக்கொரு பெட்டி வரேல்லை. அவளின்ர பிள்ளையையாவது வழியனுப்பிப்போட்டு கதிரையில இருப்பம்.”

வினோஜா விளக்கை அணைத்தாள். படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. பெட்டி படலையைத் தாண்டி, ஒழுங்கையால் திரும்பி மறையும்வரை ஒருவரும் உட்காரவில்லை.