ஜன்னலை மூடும்வரை

போன் அடித்தபோது மூலைச் சார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மூலை மேசையில் உட்கார்ந்தபடி ஆயுசு முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் வந்த பெயர். ஓய்வு பெற்ற பிறகு அப்படிக் கூப்பிடவும் ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரை போட்டாரா என்று விசாரிப்பாள். மற்ற நாட்களில் வாயைத் திறக்கவே வேலையில்லை.

பேசியது, அவருடைய மேசைக்கு இப்போது வந்திருக்கும் பெண். "சார், புது கம்ப்யூட்டருக்கு மாத்தினோம். ரிப்போர்ட் ப்ரோக்ராம் கிளம்பவே மாட்டேங்குது. ஏதோ லைப்ரரி ஃபைல் இல்லைங்குது. ஃபைல் என் கண்ணு முன்னாடியே இருக்கு."

"இருந்தா போதாதும்மா. அது தேடுற எடத்துல இருக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ப்ரோக்ராம் ஓடத் துணையாக வேண்டிய லைப்ரரி ஃபைல்கள் எங்கெங்கே கிடைக்கின்றன என்று திரையில் வரிசையாக வந்தது. ஒன்றுக்கு நேரே மட்டும் 'இல்லை'.

இரண்டு வழி இருந்தது. அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரை சிஸ்டத்தின் தேடல் பட்டியலிலேயே சேர்த்துப் புதுப்பித்துவிட்டால் பிறகு கவலையில்லை. இல்லையென்றால், திரையில் திறந்திருக்கும் ஜன்னலுக்கு மட்டும் இடத்தைச் சொல்லிவைக்கலாம். ஜன்னலை மூடியதும் அது மறந்துபோகும். அவர் இரண்டாவதைச் சொன்னார்; ப்ரோக்ராம் கிளம்பியது. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடித்தது. அதே கோளாறு. அதே கட்டளை வரியைச் சொன்னார். சரியானதும் அவள், "உங்களுக்கு முட்டி வலின்னு இங்க சொன்னாங்களே சார், இப்ப எப்படி இருக்கு?" என்றாள். முட்டியில் ஆரம்பித்து, ஒழுகுகிற குழாய், மகள் வீட்டுப் பூனை என்று பேசித் தீர்த்தார். அன்றைக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கியது.

அதற்கடுத்த நாள் அவள் குரலில் பதற்றம். பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. "காலையிலேர்ந்து ரிப்போர்ட்டே வரலை சார். ஒரு அம்மா காய்ச்சக்காரக் குழந்தைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமேன்னு அந்த வரிய நானே போட்டுப் பாத்தேன். எங்கயோ தப்பாகுது."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அத விடும்மா. வேற சொல்றேன். நிதானமாத் தட்டு."

தேடல் பட்டியலில் ஃபோல்டரின் பெயர் ஏறியது. புதுப்பித்தாயிற்று. "இப்ப விண்டோவ மூடிட்டு, மறுபடி திறந்து பாரு."

பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"இனிமே இந்தப் பிரச்சினை வராதா சார்?"

"வராதும்மா."

அவள் தாளை உருவுவது கேட்டது. பிறகு, "இத மொத நாளே பண்ணியிருக்கலாம்ல?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"பண்ணியிருக்கலாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அங்கே யாரோ கூப்பிட்டார்கள். "வெச்சிடறேன் சார்."

போனை ஒட்டியிருந்த காது இன்னும் சூடாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்து மாடியில் ஒருத்தி காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகும், வெறும் கொடி மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.