ஏழு நிமிடத் தாமதம்

என் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் போதும், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்துவிடுவாள். சிறுநீரகத்தில் இரண்டாவது தடவையாகக் கிருமி தொற்றி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் அது தயாராக இருந்தது. முதல் பக்கத்தில் எட்டுக் கட்டங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுவது, நாற்பது நிமிடம் நடப்பது, மூன்று லிட்டர் தண்ணீர், சர்க்கரையில்லாத டீ, மூச்சுப் பயிற்சி, இன்னும் என்னென்னவோ.

"அஞ்சரைக்கு டிப்போவுல பஸ்ஸை எடுக்கணும்க்கா. நாலு மணிக்கு எழுந்து நடந்துட்டு நான் எப்ப குளிக்கிறது, எப்ப பசங்களுக்குச் சமைக்கிறது?"

"மனசு வச்சா முடியும்டி."

மனசு வைத்தேன். முதல் நாள் ஐந்து கட்டம் நிரம்பியது, மறுநாள் மூன்று. மூன்றாம் நாள் வீம்புக்குத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பாலத்துக்கு முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் எழுபது பயணிகள். நாற்பது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த நோட்டையும் அக்காவையும் சேர்த்து ஆற்றில் வீச வேண்டும் போலிருந்தது. நாலாம் நாள் நோட்டைத் திறக்கவேயில்லை. சாயங்காலம் வழக்கம்போல் போன் வந்தது.

"இன்னிக்கு எத்தனை டிக்கு?"

"பூஜ்யம்."

"உனக்கு உன் மேலயே அக்கறை இல்லடி" என்றாள். அழுகைதான் வந்தது. என் மானத்தின் மேல் அக்கறை இல்லாமலா பதினொரு வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பஸ் ஓட்டுகிறேன்? இந்தத் தடத்தில் நான் ஒருத்திதான் பெண் ஓட்டுநர். ஆண்கள் எந்தச் சுவரோரமும் ஒதுங்கிவிட்டு வருவார்கள். நான் குடிக்காமல் இருந்து பழகிக்கொண்டேன். அதைத் திறமை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். போக மூன்று, வர மூன்று என்று ஆறு நடை முடித்து இறங்கும்போது உதடு வெடித்திருக்கும், ஆனால் ஒரு தடவைகூடப் பஸ்ஸைத் தாமதப்படுத்தியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். அப்படி அடக்கி அடக்கித்தான் கிருமி தொற்றியது. முட்டாள்தனம்!

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இதெல்லாம் யாரால முடியும்? எல்லாத்தையும் விட்டுடுங்க. நடை முடிஞ்சு டைம் ஆபீஸ் வரும்போது ஒரு தம்ளர் தண்ணி. பாத்ரூம் போய்ட்டு வந்து அடுத்த நடை. ஒரு நாளைக்கு மூணு தம்ளர். அது பழகட்டும், மத்ததை அப்புறம் பாக்கலாம்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மூணாவது தடவை வந்தா கிட்னி தாங்காதும்மா. அதுக்கப்புறம் ஓட்டுறதுக்குத் தகுதிச் சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போட முடியாது."

ஒரு தம்ளர் தண்ணீர். சின்னக் குழந்தைகூடக் குடித்துவிடும். ஆனால் டாக்டரம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பஸ் நிலையத்தில் வண்டிகளின் நேரம் பதியும் டைம் ஆபீஸுக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. அதன் சாவி டைம் கீப்பரின் மேஜை இழுப்பறையில். பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஜன்னலில் தலையை நீட்டி, "சாவி கொடுங்க" என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு தடவை கேட்டேன். "என்னம்மா, அதுக்குள்ளயா?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மறுநாள் முதல் சுற்று முடிந்து வந்து, ஒரு தம்ளர் குடித்தேன். நேராக ஜன்னலுக்குப் போனேன்.

"சாவி கொடுங்க சார்."

"எந்தச் சாவி?"

"லேடீஸ் டாய்லெட் சாவி."

டீ குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டைம் கீப்பர் இழுப்பறையைத் துழாவினார். கீழ் இழுப்பறையையும் துழாவினார். கடைசியில் துருப்பிடித்த ஒன்றை எடுத்து நீட்டினார். என் பஸ்ஸின் கண்டக்டரும் கூட வந்து பூட்டோடு மல்லுக்கட்டினான். கதவைத் திறந்தால் உள்ளே உடைந்த நாற்காலிகள், பழைய டிக்கெட் கட்டுகள், போன தேர்தலின் தட்டிகள், ஒரு சைக்கிள்.

"யாருமே கேக்கலைம்மா" என்று பின்னாலிருந்து டைம் கீப்பர் சொன்னார். "சும்மாதானே இருக்குன்னு சாமான் போட்டுட்டோம்."

அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது. வெட்கப்பட்டுக்கொண்டு நான் கேட்காமல் விட்ட அத்தனை வருடமும் அந்த நாற்காலிகளில் தூசியாகப் படிந்திருந்தது.

"பஸ் கிளம்புற நேரமாச்சும்மா" என்றார் அவர்.

"தெரியும். இதைக் காலி பண்ணுங்க. அப்புறம் கிளம்புது."

"பயணிங்க சத்தம் போடுவாங்களே!"

"போடட்டும். நான் நகரப் போறதில்ல."

கண்டக்டர்தான் முதல் நாற்காலியை வெளியே இழுத்தான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் முனகிக்கொண்டே வந்து சைக்கிளைத் தூக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததே பெரிய அதிசயம்.

நான் திரும்பி வந்தபோது டைம் கீப்பர் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். ஏழு நிமிடத் தாமதம். காரணம் என்ற இடத்தில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதியிருந்தார்.

"இப்படி எழுதிட்டா கேள்வி வராதும்மா. உங்களுக்கும் நல்லது."

பேனாவை வாங்கி அதை அடித்தேன். 'ஓட்டுநர் கழிப்பறைக்குப் போனார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"ஐயோ, மேலே கேப்பாங்களே!"

"இனிமே தினமும் மூணு தடவை போவேன் சார். லேட்டானா மூணு தடவையும் இதையேதான் எழுதுவேன். கேட்டுக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.