தேஜா சிங் வராத காலை

மணி எட்டே முக்கால் ஆகியும் தேஜா சிங் வரவில்லை. எட்டுக்கு வந்து உட்கார வேண்டிய ஆள். அஜைப் சிங்கின் கண் குரு கிரந்தத்தின் வரியில் ஓடியது, வாய் அதைச் சத்தமாகச் சொன்னது, மனம் தேஜா சிங்கை வண்டை வண்டையாகத் திட்டியது. வாய்விட்டுத் திட்டத்தான் வழியில்லை. அகண்ட பாட் என்றால் கிரந்தத்தை முழுசாகப் படித்து முடிக்கும் நாற்பத்தெட்டு மணி நேரமும் படிக்கிற குரல் அறுபடக் கூடாது. இருமலைக்கூட இரண்டு சொல்லுக்கு நடுவே திருட்டுத்தனமாகத்தான் இருமிக்கொள்ள வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அஜைபின் அம்மா பச்சன் கௌர் செத்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பாராயணத்தை ஏற்பாடு செய்ததே அவள்தான். டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே, "பொழைக்கிறதுக்கு இல்லடா. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை காதுல விழட்டும், போறேன்" என்று சொல்லிவிட்டாள். மாற்றி மாற்றிப் படிக்க நாலு பேர். ஒருத்தனுக்கு ஜுரம். இன்னொருத்தன் விடிய விடியப் படித்த களைப்பில் வீட்டுக்குப் போய்ப் போனைக்கூட எடுக்காமல் தூங்குகிறான். தேஜா சிங் இந்தப் பாழாய்ப்போன மூடுபனியில் எந்த முக்கில் ஸ்கூட்டரை நிறுத்தி டீ குடிக்கிறானோ. மிச்சம் அஜைப் ஒருவன்தான், ஆறு மணியிலிருந்து.

"அஜைபு..." என்று அம்மாவின் குரல் கேட்டது.

சித்தி நசீப் கௌர் வாசலில் எட்டிப் பார்த்தாள். "உன்னைத்தான் கேக்குறா. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அவன் கண்ணாலேயே கிரந்தத்தைக் காட்டினான்.

"அதுவும் சரிதான். நிறுத்தினா அவளே எந்திரிச்சு வந்து ரெண்டு சாத்து சாத்துவா" என்று சித்தி உள்ளே போய்விட்டாள்.

அவனுக்கு அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருஷமாகக் கேட்க வேண்டியிருந்தது. டிராக்டர் கவிழ்ந்து அப்பா செத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஊரே அழத் தயாராகக் கூடி நின்றது. அம்மா என்ன செய்தாள்? தலைக்குக் குளித்தாள், ஈரத்தலையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தாள். மாட்டுக்கொட்டகையில் கிடந்து அழுத பிள்ளையை ஒரு வார்த்தை வாடா என்று கூப்பிடவில்லை. அதற்கப்புறமும் அப்படித்தான். ஆலங்கட்டி மழையில் கோதுமை படுத்துவிட்டதா, படி. தம்பி போதை ஊசி போட்டுப் போட்டே செத்துப் போனானா, படி. என்ன பொம்பளை இவள் என்று அவனுக்கு எரியும். கேட்டுவிடலாம் கேட்டுவிடலாம் என்று இழுத்தடித்து, இப்போது கேட்கப் போனால் வாயில் வரி.

அடுப்படியிலிருந்து மனைவி ஷிந்தர் மாவுக்கையோடு வந்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"என்னைப் பாக்காதீங்க. கல்யாணமான புதுசுல உங்கம்மா ஊரையே வச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க? உன் வாய்ல குருவாக்கு வந்தா அதுக்கே கஷ்டம்னாங்க. இந்த வீட்டுல நான் வாய் திறந்து படிக்கிறதில்லன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

அவன் புருவத்தை உயர்த்திக் கெஞ்சினான். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் அடிபம்பு அடிக்கும் சத்தமும் வாளிச் சத்தமும் கேட்டன. குளிக்கிறாளாம். வீட்டில் ஒரு உயிர் போகிறது, மகாராணிக்கு இப்போதுதான் குளியல். பத்தொன்பது வருஷத்துக் கோபத்தைக் காட்ட வேறு நாளே கிடைக்கவில்லையா இவளுக்கு? அவன் பல்லைக் கடித்தான். பல்லைக் கடித்தால் படிக்க முடியாது. விட்டுவிட்டான். வரி நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் அவன் தோளில் இருந்த விறைப்பு எப்படியோ இறங்கியிருந்தது.

சொட்டும் கூந்தல்மேல் வெள்ளைத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஷிந்தர் வந்தாள். குனிந்து வணங்கினாள். அவனை ஒட்டி உட்கார்ந்து, அவன் விரல் ஓடிய வரியைக் கண்ணால் பிடித்தாள். ஒரு வரி இரண்டு பேரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அடுத்த வரியில் அவன் குரலை இறக்கிக்கொண்டான். அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

அவன் ஓடினான்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "எந்திரிச்சா வந்தே? கூப்பிட்டா உடனே வந்துர்றதா?"

"நீதானேம்மா கூப்பிட்டே."

"தெரியாம கூப்பிட்டிருப்பேன்."

செத்துப்போகும்போதும் இவளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கட்டிலோரம் மண்டி போட்டு அவள் கையைப் பிடித்தான். "அப்பா போன அன்னிக்கு ஏம்மா என்னைக் கூப்பிடல? நான் கொட்டகையில தனியாக் கெடந்தேன்."

அம்மா அவன் பக்கம் தலையைத் திருப்பினாள். "கொட்டகை வரைக்கும் கேக்கணும்னுதானேடா அவ்வளவு சத்தமாப் படிச்சேன். மூணு நாள் தொண்டை கட்டிக்கிச்சு. கேக்கலையா உனக்கு?"

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"யாரு படிக்கிறது?"

"ஷிந்தர்தாம்மா."

அம்மா காது கொடுத்துக் கேட்டாள். ஒரு வரி, இன்னொரு வரி. மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. "வேகமா ஓடுறா" என்றாள். "அவசரம் ஒண்ணுமில்லன்னு சொல்லு."

அதற்கப்புறம் மூச்சு இழுக்கவில்லை. சித்தி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். சித்தியின் வாய் கோணியது. துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அஜைப் முகத்தைக் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்தான். ஷிந்தர் படித்துக்கொண்டே ஒரு கணம் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள்.

அவன் அவள் காதருகே போய், "மெதுவாப் படிக்கச் சொன்னாங்க. அவசரம் ஒண்ணுமில்லையாம்" என்றான்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. "பனியா இது, சனியன், முன்சக்கரமே தெரியல" என்று முனகியபடி தேஜா சிங் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தான். வணங்கினான். ஷிந்தரை ஒட்டி உட்கார்ந்து, வரியைப் பிடிக்கத் தொண்டையைச் செருமினான்.

ஷிந்தர் நிமிராமலே இடது கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். கொட்டகை வரைக்கும் கேட்கும் குரலில், மெதுவாக, அடுத்த வரியைத் தானே எடுத்தாள்.