கறைபடாதவர்கள் குழு

சாந்தோ தொமிங்கோவிலிருந்து வந்தால் கரும்பாலை தாண்டி எங்கள் ஊர். பதினாறு வருடமாக மேயர் தொன் ஒவிதியோதான். குடிநீர்க் குழாய் அவர் தெருவோடு நின்றுவிட்டது. எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர். அவரைப் பதவியிலிருந்து இறக்க வாத்தியார் ராதமெஸ் ஒரு குழு தொடங்கினார். முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தோம். நான் செயலாளர்.

வாத்தியாருக்கு ஜெயிப்பதைவிட ஆளைச் சலித்தெடுப்பதில்தான் ருசி. முதலில் ரம் கடை நூரிஸை நீக்கினார். அவள் சொன்னால் கரும்பு வெட்டுகிறவர்கள் நூறு பேர் ஓட்டுப் போடுவார்கள். "சாராயம் ஊத்துற கை நம்ம கொடியத் தொடக் கூடாது" என்றார். அடுத்து நர்ஸ் பியோர்தலிசா. மேயரின் தாயாருக்கு ஊசி போட்டாளாம்.

"கெழவிக்கு மூச்சு முட்டுச்சு, வாத்தியாரே. ஓட்டு யாருக்குன்னு கேட்டுட்டா ஊசி போடுவாங்க?"

"அந்த வாசப்படிய மிதிச்சீங்களா, இல்லையா?"

"மிதிச்சேன். பறந்து போக எனக்கு றெக்கை இல்ல."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது யாரென்றும் வாத்தியார் குறித்துக்கொண்டார். அவளை நீக்கக் கை தூக்கச் சொன்னார். தூக்கினோம். நானும்தான். தூக்காவிட்டால் அடுத்து என் பெயர் வரும். அந்தப் பயத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

தேர்தலில் பத்தொன்பது ஓட்டில் தோற்றோம். "தோத்தாலும் கறைபடாம தோத்தோம்" என்று வாத்தியார் மேடை போட்டுப் பேசினார். கேட்டவர்கள் பதினோரு பேர்.

எங்கள் கூட்டத்துக்கு வந்த குற்றத்துக்காக, மேயர் மேலிடத்தில் சொல்லிப் பியோர்தலிசாவை வேறு ஊருக்குத் தூக்கியடித்தார். அவள் ஒருத்தியே பார்த்துவந்த ஊர் மருந்தகம் பூட்டிக் கிடந்தது. ஜூலை மழையில் வாய்க்கால் கலங்கி, வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. என் தங்கை யுதெல்காவின் மூன்று வயது மகள் இரண்டே நாளில் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வாத்தியார் வெள்ளைச் சட்டையில் வந்தார். காபிக் கோப்பையை நீட்டினேன்.

"இந்தக் காபித்தூள் யாரு குடுத்தது?"

"மேயர் வீட்லேருந்து வந்துச்சு."

கோப்பையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீ இத வாங்கியிருக்கக் கூடாது."

யுதெல்கா பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "வாத்தியாரே, ஒங்க சுத்தத்த ஒங்க வீட்லயே வச்சுக்குங்க. இங்க பொணம் கெடக்கு. போயிருங்க."

போனார். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, தங்கையின் பேச்சுக்கு அடுத்த கூட்டத்தில் நான் விளக்கம் தர வேண்டும் என்றார்.

நான் போகவில்லை. மூன்று பேரோடு கூட்டம் நடந்ததாம். என்னை நீக்கினார்களாம், ஒருமனதாக.