பூமாலை பாடவில்லை

யுத்த காலம். திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை உடைக்கும் பெண்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாடினால் வேர்க்கடலைப் பருப்பைத் தின்ன முடியாதாம். மேஸ்திரியின் மூளை அது!

அன்று பூமாலை பாடவில்லை. மேஸ்திரி வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒன்றுமில்லை.

"கட்டிக்கப் போறவரு பாடக்கூடாதுன்னாரு. எம்மேல அவ்ளோ பாசம்," என்று வெட்கப்பட்டாள்.

தோழி காந்திமதிக்குச் சுர்ரென்று வந்தது. "போன வாரம் அக்கா ஊட்டுக்குப் போவாதன்னான். நேத்து சிரிக்காதன்னான். நாளைக்கு மூச்சு வுடறதுக்கும் அவனக் கேட்டுக்கினு நிப்பியா? இதுவாடி பாசம்?"

பூமாலை கையிலிருந்த மல்லாட்டையைப் பட்டென்று உடைத்தாள்.

சாயங்காலம் கட்டிக்கப்போகிறவன் மண்டி வாசலில் வந்து நின்றதும், அவனைப் பார்த்துக்கொண்டே பாட்டை எடுத்தாள். அவன் கையை ஓங்கினான். எல்லாப் பெண்களும் சேர்ந்து பாடினார்கள்.

"பரிசப் புடவை நாளைக்கே உன் ஊட்டுக்குத் திரும்பி வந்துரும்!" என்றாள் பூமாலை. அவன் போய்விட்டான்; பாட்டு நிற்கவில்லை.

மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டார். "வேணும்னா ஆளுக்கு ஒரு பிடி தின்னுத் தொலைங்கம்மா!"