மஞ்சள் வைத்த சர்டிபிகேட்

ஆவுடைத்தாய்க்கு வாயடைத்துப்போன நாள் அவள் ஆயுசிலேயே ஒன்றுதான். தென்காசியில் யாக்கூப் பாய் தன் டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து, அவள் மகள் ஸ்வாதியின் நர்சிங் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த நாள் அது.

நாலு மூலையிலும் மஞ்சள். கீழே, பல்கலைக்கழக முத்திரைக்கு மேலேயே, கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம்.

"இதை வச்சது யாருக்கா?" என்றார் பாய்.

யார் வைப்பா? கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கலாம், புது வண்டிக்கு வைக்கலாம், பெத்த மகள் நாலு வருசம் கண்முழிச்சுப் படிச்சு வாங்கின காகிதத்துக்கு வைக்கக்கூடாதா? குற்றாலநாதர் பாதத்தில் வைத்து வாங்கி, அங்கனயே நின்று அவள்தான் வைத்தாள்.

"குவைத் வேலைன்னா இதுக்குப் பின்பக்கம் நம்ம மாநில கவர்மெண்ட் சீல் வைக்கணும். பொறவு டெல்லி சீல், அதுக்கும் பொறவு குவைத் தூதரகத்து சீல். முத்திரையே தெரியாத காகிதத்தை முதல் படியிலேயே திருப்பிருவாங்கக்கா," என்றார் பாய்.

குவைத் ஆஸ்பத்திரி கொடுத்த கெடு அக்டோபர் பத்து. தாண்டினால் அந்த வேலை வேறு ஆளுக்கு. ஸ்வாதி சர்டிபிகேட்டை வாங்கிப் பைலுக்குள் வைத்துக்கொண்டாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குற்றாலம் வரைக்கும் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஆவுடைத்தாய் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

எவ்வளவு நேரம்தான் திட்டிக்கொள்வாள்? அருவிக்கரை சிப்ஸ் கடையில் சீசன் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவளாச்சே! ஆடிச் சாரல் அடிக்குது, ஜனம் கடை முன்னால் நெரியுது. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஷட்டரை இழுத்தாள்.

"ஏட்டி, கெளம்பு சென்னைக்கு. கெடுத்தவ நானு, சரி பண்ணுதவளும் நான்தான்."

"எம்மா, சீசன்!"

"சீசன் அடுத்த வருசமும் வரும்லா."

பழைய சர்டிபிகேட்டை ஒப்படைத்தால் அங்கே பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சர்டிபிகேட் கொடுப்பார்களாம். படிவத்தில், சேதமான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'தண்ணீர் பட்டது' என்று எழுதப் போனாள் ஸ்வாதி.

"தண்ணி மேல என்னத்துக்குட்டி பழி போடுத? எங்கம்மா மஞ்ச வச்சான்னு எழுது."

எழுதினாள். பல்கலைக்கழகக் கவுண்டர் ஜன்னலுக்குள் இருந்தவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி ரெண்டு பேரையும் பார்த்தார். "இந்த வருசம் நீங்க மூணாவது ஆளு," என்று படிவத்தை வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் எல்லா சீலும் முடிந்து புது சர்டிபிகேட் பாய் மேஜைக்கு வந்தது. ஆவுடைத்தாய் அதைத் தொடவே இல்லை. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும்படி பாயிடம் சொன்னாள். முதுகு பூரா நீலமும் சிவப்புமாக சீல், ஸ்டிக்கர், கையெழுத்து.

"நல்ல கூத்து பாய் இது! நான் ஒத்தப் பொட்டு வச்சதுக்குக் காகிதம் கெட்டுப்போச்சு. இவனுவ இம்புட்டு அப்பி வச்சிருக்கானுவ, இதுதான் செல்லுமாம்லா!"

பாய் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. நல்லவேளை, சர்டிபிகேட்டை ஸ்வாதி அதற்குள் எடுத்துவிட்டாள்.

ஸ்வாதி குவைத்துக்குப் புறப்படும் அன்று ஆவுடைத்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றாள். ஸ்வாதி சர்டிபிகேட் பைலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்து அம்மா முன்னால் நீட்டினாள்.

"எனக்கு வையி."

"வேர்த்தா அழிஞ்சிரும்ட்டி."

"குவைத்துல போய் எறங்குத வரைக்கும் இருந்தாப் போதும்மா."

ஆவுடைத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. வைத்தாள், கட்டைவிரல் அகலத்துக்கு.